என் மூச்சின் கணக்கை நான் பார்க்கக் கூடாதா?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் நடந்த கூட்டத்து வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை பேர் இன்பாக்ஸுக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் முழுக் கதையையும் சொல்லப் போவதில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் சொல்லியே ஆக வேண்டும். கையில் என் ராத்திரி மூச்சின் கிராஃப் பிரிண்ட் அவுட்டோடு எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, நீங்க மாஸ்க்கப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க. நம்பரை எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் மேடையில் இருந்த டாக்டர். ஹாலே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கேள்வி இதுதான். தூங்கும்போது தொண்டை அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்துவது சி-பேப் மெஷின். அது காலையில் திரையில் ஏ.எச்.ஐ. என்று ஒரு எண்ணைக் காட்டும். 10 விநாடியாவது மூச்சு நின்றதோ குறைந்ததோ, அது மணிக்குச் சராசரியாக எத்தனை தடவை என்ற கணக்கு அது. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். எனக்கு 3. சரி, 7 மணி நேரத் தூக்கத்தில் மொத்தம் 21. அந்த 21-ம் இரவு முழுக்கச் சிதறிக் கிடந்தால் கவலை இல்லை. எல்லாம் விடியற்காலை ஒரே மணி நேரத்தில் வந்து குவிந்தால்? கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் வரும். அப்போது தசை தளர்ந்து தொண்டை சுலபமாக அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் மூச்சுக்குத் திணறிவிட்டு நான் தலைவலியோடு எழுந்தாலும் திரை என்னவோ 3 என்றுதான் சொல்லும். இதைக் கேட்டது தப்பா?

இது எனக்கு எப்படித் தெரிந்தது? பார்த்ததால் தெரிந்தது. மெஷினில் இருக்கும் எஸ்.டி. கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். ஆஸ்கர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, தன்னார்வலர்கள் செய்தது. ஒவ்வொரு மூச்சும் அதில் கோடாகத் தெரிகிறது. எனக்கு மூச்சு நின்ற இடங்கள் விடியற்காலையில்தான் கூட்டம் கூட்டமாக விழுந்திருந்தன. அதே நேரத்தில் மாஸ்க் கசிவும் எகிறியிருந்தது. நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று என் மெஷின் கம்பெனியே ஒரு கோடு வைத்திருக்கிறது. அதற்கு மேலே போய் நின்றது. படத்தை எடுத்துக்கொண்டு போய் டெக்னீஷியன் தம்பியிடம் காட்டினேன். பார்த்த உடனே, "மாஸ்க் சைஸ் பெருசும்மா, திரும்பிப் படுத்தா தூக்குது" என்று சின்ன சைஸ் கொடுத்தார். அவ்வளவுதான். மெஷின் காற்றைத் தள்ளும் பிரஷரை நான் தொடவே இல்லை. பார்த்தேன், காட்டினேன்.

"எல்லாரும் இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் தாங்களே பிரஷரை ஏற்றிக்கொள்வார்களே" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. மூச்சு நிற்பதில் தொண்டை அடைத்து நிற்பது ஒரு வகை. மூளையிலிருந்து உத்தரவே வராமல் நிற்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குப் பிரஷரை ஏற்றினால் சிலருக்கு இன்னும் மோசமாகும். தவிர, நீங்கள் தூங்குகிறீர்களா, விழித்துக்கொண்டு புரள்கிறீர்களா என்பதே மெஷினுக்குத் தெரியாது. காற்றோட்டத்தை மட்டும் வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. அதனால் மாற்றுவதை டாக்டர்தான் செய்ய வேண்டும். ஆனால் பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. இதை எத்தனை தடவை சொல்வது?

"புரியாமல் பயந்துபோவீர்கள்" என்பார்கள். சர்க்கரைக்காரர்களிடம் இதே டாக்டர்கள்தானே வீட்டிலேயே குத்திப் பாருங்கள், நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள்? அவர்கள் மட்டும் பயப்பட மாட்டார்களா? மூச்சு என்று வந்தால் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்கள்?

"டாக்டரை மதிக்கவில்லை" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மதிக்காதவள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னாலேயே எழுந்து நிற்க மாட்டாள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் மெஷினில் மோடம் இருக்கிறது. ராத்திரித் தகவல் கம்பெனி சர்வருக்குப் போகிறது, விற்ற கடைக்காரர் போனில் பார்க்கிறார். என் சேமிப்பில் வாங்கிய மெஷின், என் மூச்சு. எல்லாரும் பார்க்கலாம், நான் பார்த்தால் சிரிப்பா? என் இடத்தில் ஒரு ஆண் பேண்ட் சட்டையோடு எழுந்து கேட்டிருந்தால் இப்படிச் சிரித்திருப்பார்களா? இந்த நோய் இருக்கும் பெண்களுக்குப் பல சமயம் குறட்டை பெரிதாகத் தெரியாது. அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். "மெனோபாஸ், அப்படித்தான் இருக்கும்" என்று எனக்கும் வருடக்கணக்கில் சொன்னார்கள்.

அப்பாவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. திருவல்லிக்கேணி வீட்டில் அவர் குறட்டை மாடி வரை கேட்கும். நடுவில் சட்டென்று நிற்கும். அப்புறம் திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். உழைத்த களைப்பு, நல்ல தூக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பேப்பர் படிக்கும்போதே தலை சாய்ந்துவிடும், பஸ்ஸில் தூங்கிப்போய் ஸ்டாப் தாண்டிப் போய்விடுவார். 1996-ல் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். கொடுத்து வைத்தவர் என்றார்கள். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தும் இந்தச் சிகிச்சையை 1981-லேயே எழுதிவிட்டார். 15 வருடம். அப்பாவுக்கு இருந்தது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் மூச்சு எத்தனை தடவை நின்றது என்பதற்கு எங்கேயும் ஒரு கோடு கூட இல்லை. எனக்கு இருக்கிறது. அதைப் பார்க்காதே என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

இன்பாக்ஸில் எப்படிப் பார்ப்பது என்று கேட்ட பெண்களுக்கு: எஸ்.டி. கார்டின் ஓரத்தில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும். லேப்டாப்பில் போடுவதற்கு முன்னால் அதைப் பூட்டிவிடுங்கள், லேப்டாப் கார்டில் எதையும் எழுதிவிடாது. மெஷினில் திரும்பப் போடும்போது மறக்காமல் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைய ராத்திரி கார்டில் பதிவாகாது. ஒரு ராத்திரியை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள், சில வாரங்களைச் சேர்த்துப் பாருங்கள். பிரிண்ட் எடுத்து உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். நானும் அடுத்த ரிவ்யூவுக்கு அதே பேப்பரோடுதான் போகிறேன்.