கம்பெனி கிரிப்பா, லோக்கல் கிரிப்பா?

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தான். கோபி பக்கம் புதிதாக ஸ்டுடியோ போட்டிருக்கிறான். "அண்ணா, கேனான் 5டி மார்க் 3 செகண்ட் ஹேண்ட்ல எடுத்துட்டனுங்க. கிரிப் போடோணும். கம்பெனி கிரிப் வெலை கேட்டா தலை சுத்துது. லோக்கல்ல மூவாயிரத்துக்குக் கெடைக்குது. எடுக்கட்டுங்ளா?"

எடு, எடுக்காதே என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம். மனசு வரவில்லை. மாதத்துக்கு ரெண்டு பேராவது இதையே கேட்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். அவசரம் இருப்பவர்கள் தாண்டிப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். கிரிப் என்பது கேமராவுக்கு அடியில் மாட்டுகிற கைப்பிடி, உள்ளே ரெண்டு பேட்டரி போடலாம். கேமரா கம்பெனியே செய்தால் கம்பெனி கிரிப், வெளியார் செய்தால் லோக்கல். பேட்டரி கிரிப் என்று பேர் வைத்ததிலேயே கோளாறு ஆரம்பிக்கிறது. எல்லோரும் அதை பேட்டரிக்காக வாங்குகிற சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 5டி மார்க் 3-ல் ஒரு எல்பி-இ6 பேட்டரிக்கு 950 படம் வரும் என்பது கம்பெனி கொடுத்த கணக்கு. வெறும் பேட்டரிதான் வேண்டும் என்றால் சட்டைப் பையில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போனால் முடிந்தது, மாற்ற பத்து நொடி.

கிரிப் கைக்கான சாமான். ரிசப்ஷன் மேடைக்குக் கீழே மூன்று மணி நேரம் நின்று பார்த்தவனுக்குத்தான் அது புரியும். மாமன் வருவார், மச்சான் வருவார், மொய்க் கவரைக் கொடுப்பார்கள், நிற்பார்கள், படம், அடுத்த ஆள். ஜோடியை மட்டும் தனியாக எடுக்கும்போது கேமராவைத் திருப்பி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கிரிப் இல்லாவிட்டால் வலது முழங்கை பள்ளிக்கூடத்தில் கை தூக்கிய பையன் மாதிரி மேலேயே நிற்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் தோள் சோற்றை எடுக்க விடாது. கிரிப் இருந்தால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், ஷட்டர் பட்டன் விரலுக்கு அடியிலேயே இருக்கும். நாம் காசு கொடுப்பது அந்தப் பட்டனுக்கும், அது உட்கார்ந்திருக்கும் கைப்பிடிக்கும். அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் கம்பெனியா லோக்கலா என்ற கேள்விக்குப் பதில் வரும்.

நானும் முதலில் லோக்கல்தான் எடுத்தேன். என்ன பிராண்ட் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இன்றைக்கு அதே பேரில் வருகிற சரக்கு நன்றாகவும் இருக்கலாம். முதல் நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. "பாரு, பத்தாயிரம் மிச்சம்" என்று வீட்டில் பெருமை வேறு பேசினேன். ஒன்றே ஒன்று உறுத்தியது. கேமரா பாடியில் உள்ள ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஒரு இடத்தில் விரல் நிற்கும், அங்கே ஃபோகஸ் பிடிக்கும், பிறகுதான் படம் விழும். கிரிப் பட்டனில் அந்த நிற்கிற இடமே தெரியவில்லை. ஃபோகஸுக்கு முன்பே படம் விழுந்துவிடும், இல்லை இரண்டு மூன்றாக விழும். பழகிவிடும் என்று விட்டேன். விரல் பழகவும் செய்தது. அதுதான் தப்பு. சாமான் சரியில்லை என்று கை சொன்னதை நான் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம், பவானி பக்கத்தில் ஒரு முகூர்த்தம். விடியற்காலை ஐந்தரை. கொங்குக் கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக நிற்கிறார். நான் 70-200 லென்ஸ் போட்டு நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன். கெட்டிமேளம் ஆரம்பித்த நொடியில் கேமரா செத்துவிட்டது. கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரில் எண்கள் போய்விட்டன, அழுத்தினால் ஒன்றும் இல்லை. கையைக் கொஞ்சம் அசைத்தேன், உயிர் வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி செத்தது. மூன்றாவது தடவை படம் விழுந்தபோது முடிச்சு போட்டாயிற்று, மாப்பிள்ளை கையை எடுத்தாயிற்று, அட்சதை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பக்கவாட்டில் நின்ற அசிஸ்டெண்ட் பையன் எடுத்திருந்ததால் மானம் தப்பியது. அவன் படத்தில் பொண்ணோட சித்தி கை பாதி மறைக்கும். ஆல்பம் பார்த்த பொண்ணு வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

என்ன நடந்தது என்று அப்புறம் சர்வீஸ் அண்ணன் காட்டினார். கேனானில் கிரிப் மாட்ட வேண்டுமென்றால் பாடியில் இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டு அதன் கதவையும் கழற்ற வேண்டும். கிரிப்பில் கோபுரம் மாதிரி ஒரு துண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அது பேட்டரி இருந்த குழிக்குள் போய் உட்காரும். கேமராவுக்குக் கரண்ட் வருவது அதன் நுனியில் உள்ள சின்னத் தகடுகள் வழியாக மட்டும்தான். மொத்தத்தையும் பிடித்து நிறுத்துவது டிரைபாட் ஓட்டைக்குள் போகும் ஒரே ஒரு திருகு. பாடி, பெரிய லென்ஸ், ஃபிளாஷ் எல்லாவற்றின் எடையும் அந்தத் திருகில் நெம்பும். என்னுடைய கிரிப் முழு பிளாஸ்டிக். நாளாக ஆக நெளிந்து ஆட்டம் கொடுத்திருக்கிறது. ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், கேமராவைப் பொறுத்தவரை பேட்டரியை உருவியது மாதிரிதான். "திருகுச் சக்கரத்தை அப்பப்ப இறுக்கிட்டே இரு தம்பி" என்றார். தாலி கட்டும்போது எங்கே போய் இறுக்குவது?

அதன் பிறகுதான் கம்பெனி கிரிப்பான பிஜி-இ11-ஐக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிக்கூடு மெக்னீசியம் கலவை. பாடியோடு சேர்ந்தால் ஒரே வார்ப்பு மாதிரி நிற்கும், முறுக்கினால் கிரீச் சத்தம் வராது. அதைவிட முக்கியம், ஃபோகஸ் புள்ளியை நகர்த்துகிற ஜாய்ஸ்டிக் கிரிப்பிலேயே இருக்கிறது. 5டி மார்க் 2-க்கு வந்த பிஜி-இ6-ல் அது கிடையாது. நிமிர்த்திப் பிடித்து எடுக்கும்போது மணப்பெண் கண்ணுக்குப் புள்ளியைக் கொண்டுபோக கட்டைவிரல் அங்கேதான் தேடும்.

அப்படியானால் கம்பெனி கிரிப்புக்குக் கேட்கிற காசைக் கொட்டு என்கிறேனா? இல்லை. ஊரில் பேசிக்கொள்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இங்கேதான். 5டி மார்க் 3 வந்தது 2012-ல். அந்தத் தலைமுறை கேமரா வைத்திருக்கிறவன் புது லோக்கல் கிரிப்பும் வாங்கக் கூடாது, புது கம்பெனி கிரிப்பைத் தேடி அலையவும் கூடாது. பழைய கம்பெனி கிரிப் வாங்க வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத புதுத் தலைமுறை மிரர்லெஸ்ஸுக்கு மாறிய ஸ்டுடியோக்காரர்கள் எத்தனை பேர் பாடியை மட்டும் தள்ளிவிட்டு கிரிப்பை அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள்! 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் தவிர வேறு எந்த மாடலுக்கும் அது சேராது. 5டி மார்க் 4-க்கே பிஜி-இ20 என்று தனி கிரிப். அதனால் வைத்திருக்கிறவருக்கு அது சுமை, கேட்டால் கொடுத்துவிடுவார். கிரிப்பில் ஷட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, தேய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரப்பர் ஊதியிருக்கும், நம் வெயிலுக்கு எல்லா ரப்பரும் ஊதும், ஒட்டிக்கொள்ளலாம். என்னுடையதை கரூரில் ஒரு பெரியவரிடம் எடுத்தேன். ஐயாயிரம் சொன்னார், நாலுக்குப் படிந்தது. பேட்டரி வைக்கிற இரண்டு தட்டையும் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அந்த இரண்டாவது தட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிஜி-இ11-ஓடு இரண்டு எல்பி-இ6 போடுகிற தட்டு ஒன்றும், சாதா டபுள் ஏ கட்டை ஆறு போடுகிற தட்டு ஒன்றும் வரும். ஒரு வருஷம் அந்தியூர் தாண்டி ஒரு கிராமத்துச் சீர். சார்ஜர் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், ராத்திரிக்குள் இரண்டு பேட்டரியும் சிவப்புக்கு வந்துவிட்டது. பொட்டிக்கடையில் டார்ச்சுக்கு விற்கிற கட்டை ஆறு வாங்கிப் போட்டு மிச்ச சீரை முடித்தேன். நிறைய படம் வராது, ஆனால் வந்தது. கேனானின் மிரர்லெஸ் ஆர்5, ஆர்6-க்கு வரும் பிஜி-ஆர்10 கிரிப்பில் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

லோக்கல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஜாதி சரக்கு கலந்து கிடக்கிறது. தன் பேரைத் தானே போட்டுக்கொண்டு, "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று விற்பது ஒன்று. அதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு, ஏமாற்று கிடையாது. இன்னொன்று கேனான் என்றோ நிக்கான் என்றோ எழுத்தை அச்சடித்து, டப்பா வரைக்கும் அப்படியே செய்து விற்கிற டூப்ளிகேட். "கம்பெனிப் பொருள்தான், பில் இல்லாததால பாதி விலை" என்று ஒருத்தர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மூவாயிரம் ரூபாய் லோக்கலில் போவது மூவாயிரம். இதில் போவது எட்டாயிரம், சாமான் என்னவோ அதேதான்.

லோக்கலை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. நிக்கான் டி5000 வரிசைக்கும் டி3000 வரிசைக்கும் கம்பெனி கிரிப் செய்யவே இல்லை. அந்த கேமரா வைத்திருக்கும் பையன் என்ன செய்வான்? லோக்கல்தான். அதில் ஷட்டர் பட்டன் வேலை செய்ய, கிரிப்பிலிருந்து ஒரு குட்டி ஒயரை எடுத்து பக்கவாட்டில் உள்ள ரிமோட் ஓட்டையில் சொருக வேண்டும். பார்க்க மூக்கில் டியூப் போட்ட நோயாளி மாதிரி இருக்கும், வேலை நடக்கும். மறுபக்கம், கம்பெனி என்ற பேருக்காக மட்டும் கண்ணை மூடியும் வாங்க முடியாது. நிக்கான் இசட்6, இசட்7-க்கு வந்த எம்பி-என்10-ல் ஷட்டர் பட்டனே கிடையாது. ரெண்டு பேட்டரி வைக்கிற டப்பா, அவ்வளவுதான். அடுத்து இசட்6 II, இசட்7 II-க்கு எம்பி-என்11 வந்தபோதுதான் பட்டனும் டயலும் வந்தன. நான் மேலே சொன்ன கணக்கில் முதலாவதை கிரிப் என்றே சேர்க்க மாட்டேன்.

கம்பெனி சரக்கே வேண்டும் என்று நான் அடித்துச் சொல்கிற இடமும் நிக்கானில்தான் இருக்கிறது. டி850 நொடிக்கு 7 படம் எடுக்கும். எம்பி-டி18 கிரிப் மாட்டி, அதற்குள் பெரிய கேமராவுக்கு வருகிற இஎன்-இஎல்18பி பேட்டரியைப் போட்டால் 9 ஆகும். அதற்குமுன் டி700-க்கும் இதே கதை, எம்பி-டி10-ஓடு 5 என்பது 8 ஆகும். அங்கே கிரிப் வெறும் கைப்பிடி இல்லை, கூடுதல் கரண்ட் கொடுத்து வேகத்தைக் கூட்டுகிற சமாச்சாரம். விளையாட்டு, பறவை என்று எடுக்கிறவர்கள் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கல்யாணத்துக்கு அந்த வேகம் தேவையே இல்லை.

கிரிப்பில் லோக்கலை மன்னிப்பேன், அதற்குள் போடுகிற பேட்டரியில் மன்னிக்கவே மாட்டேன். கிரிப் மோசமாக இருந்தால் படம் போகும். பேட்டரி மோசமாக இருந்தால் கேமராவே போகும். மலிவாக வாங்கிய ஒன்று சித்திரை வெயிலில் காருக்குள் இருந்து ஊதி, தட்டிலிருந்து வெளியே வராமல் இறுகிக்கொண்டது. நெம்பி எடுத்தால் ஓட்டை விழுந்து தீப்பிடிக்குமோ என்று பயந்து, தட்டையே தூக்கி எறிந்தேன். லித்தியம் பேட்டரிக்கு நம் நாட்டில் தரம் பார்க்கிற அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம், ஐஎஸ் 16046 என்று மேலே அச்சிட்டிருக்கும். வாங்கும்போது அந்த எழுத்தையாவது தேடுங்கள். டூப்ளிகேட்டில் அதையும் அச்சடிப்பான் என்பது வேறு விஷயம். வேறு கம்பெனி பேட்டரி கசிந்தோ வெடித்தோ ஆகும் சேதத்துக்கு எங்களுக்குப் பொறுப்பில்லை என்று கேனான் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். நான் இப்போது ஆர்6-ல்தான் வேலை செய்கிறேன். அதில் வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் ஒரு பேட்டரிக்கு செட்டிங்கைப் பொறுத்து 250-லிருந்து 380 படம் என்பது கம்பெனி கணக்கு. நிஜத்தில் கூடவே வரும், இருந்தாலும் பழைய 950 எங்கே? அதனால் இங்கே இரண்டு பேட்டரிக்கும் அர்த்தம் உண்டு. பிஜி-ஆர்10 அமெரிக்காவில் வந்தபோதே 350 டாலர். ஆனால் ஆர்5, ஆர்6, ஆர்6 மார்க் 2 மூன்றுக்கும் அது ஒன்றே பொருந்தும், பாடி மாற்றினாலும் கிரிப் கூடவே வரும். சோனியிலும் விஜி-சி4இஎம் அப்படித்தான், ஏ7 IV, ஏ7எஸ் III, ஏ1 என்று பலதுக்கும் சேரும். இப்படி ரெண்டு பாடிக்கு உழைக்கும் என்றால் கம்பெனியிலேயே போகலாம், கணக்கு சரியாக வரும். வீடியோதான் அதிகம், கேமரா எந்நேரமும் ஆட்டம் தெரியாமல் தாங்குகிற கிம்பலில்தான் நிற்கும் என்றால் எந்த கிரிப்பும் வேண்டாம். பேலன்ஸ் பண்ணவே விடாது.

தம்பி, உனக்கு லோக்கல்தான் கட்டுப்படியாகும் என்றால் எடு, கடையில் கூச்சப்படாமல் சோதித்து எடு. உன் பாடியையும் உன்னிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸையும் கொண்டு போ. கிரிப்பை மாட்டி இறுக்கி, கிரிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு லென்ஸை மேலும் கீழும் ஆட்டு, ஆட்டிக்கொண்டே பட்டனைப் பாதி அழுத்து. ஸ்கிரீன் ஒரு தடவை கண்சிமிட்டினாலும் திருப்பிக் கொடு. கண்ணை மூடிக்கொண்டு பாடி பட்டனையும் கிரிப் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார், விரல் நிற்கிற இடம் இரண்டிலும் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழு சார்ஜ் போட்டு, கேமராவை ஆஃப் பண்ணி ராத்திரி முழுக்க வை. காலையில் மெனுவில் பேட்டரி சதவீதத்தைப் பார். சும்மா இருந்தே பேட்டரியைக் குடிக்கிற கிரிப் உண்டு. வாங்கின பிறகும் முகூர்த்த நேரத்துக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு, ரிசப்ஷனுக்கு மாட்டிக்கொள். என் பழைய லோக்கல் கிரிப் தூக்கிப் போடும் வரைக்கும் அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

இன்னொன்று. பாடியிலிருந்து கழற்றுகிற பேட்டரி கதவை வைக்க கம்பெனி கிரிப்பின் கோபுரத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும், கச்சிதமாக உட்காரும். என் லோக்கலிலும் பள்ளம் இருந்தது, கதவுதான் அதில் நிற்கவில்லை. பவானி மண்டபத்தில் கிரிப்பைக் கழற்றிவிட்டு நேரடியாக பேட்டரி போடலாம் என்று பார்த்தால் கதவைக் காணோம். மிச்சக் கல்யாணத்தை செல்லோ டேப் ஒட்டித்தான் எடுத்தேன்.