மிளகு காயும் வரை தாக்குப்பிடிக்க வழி வேண்டும்
சேர்வராயன் மலைக் கிராமங்களின் மிளகு விவசாயிகளுக்குத் தொண்டு அமைப்புகள் முதலில் செய்ய வேண்டியது விழிப்புணர்வுப் பயிற்சிதான் என்று, அவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம் மிளகு பயிரிடும், மலையாளி எனப்படும் பழங்குடி விவசாயிகளுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. பறித்த மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் கருமை சீராக ஏறும் என்பதும், மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும் என்பதும் அவர்கள் அறிந்தவையே. காய வைக்கக் களமும், காயும் வரை வீட்டுச் செலவுக்குப் பணமும் இல்லாததால்தான் பச்சையாகவே விற்றுவிடுகிறார்கள். அங்கே ஒரு மகளிர் குழு பொதுவில் வாங்கிய தார்ப்பாய்களில் மிளகை மெல்லிதாகப் பரப்பி, மூட்டம் போட்டதும் ஆளுக்கொரு முனை பிடித்துச் சுருட்டிக் கூரைக்குள் இழுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எந்தப் பயிற்சி முகாமையும்விட அந்தத் தார்ப்பாய்களும் ஒரு நல்ல தராசும் அவர்களுக்குக் கைகொடுத்தன. இடைத்தரகர்களை ஒழித்தாலே போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் சொல்கிறார். அவருடைய கோபம் நியாயமானது, ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் சேலத்துக்கு ஜீப் பிடிக்கப் பணம் தருபவர் பெரும்பாலும் அந்த இடைத்தரகு வியாபாரிதான், அந்தக் கடனுக்குத்தான் மிளகு கொடியில் இருக்கும்போதே விலை பேசப்படுகிறது. ஆகவே அங்கு பணியாற்றும் அமைப்புகள் களத்தோடு நின்றுவிடாமல், ஊராரே நிர்வகிக்கும் சிறு அவசரக் கடன் நிதி ஒன்றையும் அறுவடைக்கு முன்பே ஏற்படுத்தித் தர வேண்டும்.