பில் காலின்ஸ் மட்டுமா குற்றவாளி?

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்கும் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். ஒரு கல்லூரிப் பையன் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன 'இன்விசிபிள் டச்' பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கெடுத்ததே அதன் பாடகர் பில் காலின்ஸ்தான் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நாலு பேர் கை வேறு தட்டினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நீளமான, சிக்கலான ராக் இசையை விட்டு ஜெனிசிஸ் பாப் பக்கம் போனது உண்மை. ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போனார் என்பது பொய்.

1975-ல், அதுவரை முக்கியப் பாடகராக இருந்த பீட்டர் கேப்ரியல் விலகினார். 1977-ல் கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹேக்கட்டும் போனார். மிஞ்சியது காலின்ஸோடு சேர்த்து மூன்று பேர். அடுத்த ஆண்டே 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' பிரிட்டனில் 7-ஆம் இடம் பிடித்தது. முதல் பத்துக்குள் அவர்கள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பாட்டு, மூவரில் ஒருவரான மைக் ரதர்ஃபோர்டின் கிட்டாரிலிருந்து பிறந்தது. வரிகளும் அவருடையவை. 'லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்' வரிகளை எழுதியவரும் அவரே. ஆனால் திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் காலின்ஸ். பாடியவர் அவர், தனியாகவும் ஜெயித்துவிட்டார், அதனால் கல்லெறிய அவர் முகம் வசதியாக இருக்கிறது.

"காசுக்காக மாறினார்கள்" என்பீர்கள். சரி, காசு வந்தது. 1986-ல் கேப்ரியல் என்ன செய்தார்? 'ஸ்லெட்ஜ்ஹாமர்' போட்டார். ஊதுகருவிகளும் நடனத் தாளமும் உள்ள பாட்டு. அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த 'இன்விசிபிள் டச்'சை இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்ததே அதுதான். அவர் செய்தால் கலை, இவர்கள் செய்தால் வியாபாரமா? இதற்கு ஒருவராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

"எல்லாம் சுலபமான பாட்டாகிவிட்டது" என்கிறவர்கள் 1980-ல் வந்த 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பாட்டுக்குக் கை தட்டிப் பாருங்கள். வானொலியில் ஓடிய ஹிட் பாட்டு அது. பதின்மூன்று எண்ணிக்கைத் தாளம். நாலு நாலாகத் தட்டிக்கொண்டே போனால் ஒரு சுற்று முடியும் இடத்தில் கை இடறும், பாட்டு உங்களுக்கு முன்னால் போய்விடும். அதைத்தான் சுலபம் என்கிறீர்கள்.

'இல்லீகல் ஏலியன்' போன்ற பாட்டுகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது மோசம்தான்.

நான் இந்த இசைக்குள் வந்ததே அந்தப் பாப் வாசல் வழியாகத்தான். சவுதியில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த கேசட்டில் இருந்தது 'இன்விசிபிள் டச்' ஆல்பம். 'பி' பக்கத்தில் இரண்டாவது 'டோமினோ', பத்து நிமிடத்துக்கும் மேல். முதல் பாதி மெதுவாகப் போய், திடீரென்று டிரம்ஸ் எழும்பி வரும்போது எனக்குப் புல்லரித்தது. இது என்ன மாதிரி இசை என்று தேடித் தேடித்தான் ஜெனிசிஸின் 1972 ஆல்பமான 'ஃபாக்ஸ்ட்ராட்'டுக்கும் அதிலுள்ள இருபத்துமூன்று நிமிடப் பாட்டான 'சப்பர்ஸ் ரெடி'க்கும் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு யாராவது என் கேசட்டைப் பிடுங்கி "இது இசையே இல்லை" என்று சொல்லியிருந்தால் அந்த வழி அங்கேயே அடைபட்டிருக்கும்.

இன்னொன்று. நீங்கள் கொண்டாடும் அந்த 'சப்பர்ஸ் ரெடி'யில் டிரம்ஸ் வாசிப்பது யார்? காலின்ஸ். எழுபதுகளின் இன்னொரு பாட்டான 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'தில்? அதே காலின்ஸ். 1980-ல் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பம் 'இன்ட்ரூடர்' என்ற பாட்டோடு தொடங்கும். அதில் அறையை அதிரவைக்கும் அந்த டிரம் அடி யாருடையது? அதுவும் அவருடையதுதான். உங்கள் பொற்காலத்தைக் கட்டியவர்களில் ஒருவரையே அதை இடித்தவர் என்கிறீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எனக்குக்கூட எண்பதுகளின் ஜெனிசிஸைவிட எழுபதுகளின் ஜெனிசிஸ்தான் நெருக்கம். ஆனால் அடுத்தவர் ரசிப்பதைப் பாதியில் நிறுத்தும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? அடுத்த கூட்டத்தில் 'டோமினோ'வை நான் போடச் சொல்வேன். முழுசாக. நிறுத்த நினைப்பவர்கள் முதலில் என்னிடம் பேசட்டும்.