ஏசி அறையில் மட்டும் ஓடும் லேப்டாப்

காரைக்குடியில் சித்திரை வெயில். நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் வேலரண்ட் கேம் போட்டால் முதல் பத்து நிமிடம் நொடிக்கு 70 பிரேம், அதாவது 70 படம், வருகிறது. அப்புறம் ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரேம் 35க்கு விழும்.

எனக்குக் கோபம் ரிவ்யூ செய்கிறவர்கள் மேல்தான். ஏசி அறையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "சூப்பரா ஓடுது" என்று முடித்துவிடுகிறார்கள். அறை வெப்பம் பத்து டிகிரி கூடினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும். 24 டிகிரியில் எடுத்த எண் 37 டிகிரி வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்? அரை மணி நேரம் ஓட்டுங்கள், அறை எத்தனை டிகிரி என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாடி அறையை விட்டு, கீழே முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவுக்கு இறங்கிவிட்டேன். கனத்த சுவர், முற்றத்துக் காற்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அடியில் காற்றுப் போக, பின்பக்கம் மரக்கட்டை வைத்துத் தூக்கினேன். ஏழெட்டு டிகிரி குறைந்தது. ஆனாலும் அப்பத்தா தொட்டுப் பார்த்துவிட்டு, "தோசைக்கல்லாட்டம் கொதிக்குதேப்பா, அணைச்சு வை" என்றார்.

இன்னொன்று. ஒரே ஒரு 8 ஜிபி ராம் (மெமரி) போட்டு விற்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இரண்டாவது ராம் போட்டால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும் டூயல் சேனல் கிடைத்துப் பிரேம் நன்றாகவே கூடும். அதைக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூலிங் பேட் வாங்கச் சொல்லத் தெரிந்தது, இது தெரியவில்லையா?