அவள் சிரித்தால் உங்களுக்கு என்ன?

அந்தப் படம் இன்னும் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தப் படம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். தன் அப்பாவின் கருமாதி அன்று சாமியானாவுக்குக் கீழே என் பள்ளித் தோழி வாய்விட்டுச் சிரிக்கிறாள், பக்கத்தில் நான். "அப்பன் போன துக்கம் பதினாறு நாள்கூடத் தாங்கவில்லை" என்று அதற்குக் கீழே எழுதியவரும் எங்களுக்குத் தெரிந்தவர்தான். ஆமாம் போட்டவர்களில் அவளுடைய சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிரிக்க வைத்தது நான். என்ன சொன்னேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். அவளுடைய அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். எந்தப் பட்டறை வேலை, எங்கே பத்தவைப்பு சரியில்லை என்று அங்கேயே சொல்லிவிடுவார். அன்றைக்கு வந்த பெண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன்: "அப்பா மட்டும் இருந்திருந்தா பாதிப் பேரை வாசல்லயே நிறுத்தி, கொலுசைக் கழட்டிக் குடும்மா, சரி பண்ணித் தரேன்னிருப்பார்டீ." அவள் சிரித்தாள். அவள் அப்பாவை நினைத்துத்தான் சிரித்தாள். அந்த ஒரு நிமிடம் அவர் படமாக, மாலையாக இல்லாமல், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்ட மனிதராக எங்களுக்கு நடுவே இருந்தார். அடுத்த நிமிடம் என் தோளில் சாய்ந்து அவள் அழுததை யாரும் படம் எடுக்கவில்லை.

"சாவு வீட்டில் சிரிப்பது நம் பண்பாடு கிடையாது" என்று ஒரு பெரியவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஐயா, எந்தப் பண்பாட்டைச் சொல்கிறீர்கள்? வட மாவட்டங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. செத்தவர் நல்லகதி அடையட்டும் என்று வைக்கிற கூத்து அது. அதிலேயே கோமாளியான கட்டியங்காரன் வந்து சனத்தைச் சிரிக்க வைக்கிறான். கர்ணன் சாகும் கட்டத்தில் அழுகிறவர்களும் அதே சனம்தான். பேரன் பேத்தி எடுத்தவர் போனால் கல்யாணச் சாவு என்று சொல்லி, தப்பு மேளம் அடித்து ஆடி அனுப்பி வைக்கிறோம். உடம்பில் தெரியும் உணர்ச்சிகளை மெய்ப்பாடு எட்டு என்று வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைத்தார், அதற்கு அடுத்தே அழுகையை வைத்தார். பண்பாடு பேச வேண்டுமென்றால் முழுசாகப் பேசுவோம்.

என் அப்பா போனபோது என் வீடும் இப்படித்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அம்மா அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த என் மாமா இறங்கி வந்தார். அப்பாவுக்கு ஒரு பழக்கம். ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார், பஸ் முழுக்கக் கேட்கும். மாமா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "அக்கா, மாமா மேல போற வழியிலயும் வளைவு எண்ணிக்கிட்டுத்தான் போவாரு. எமன் பாடு திண்டாட்டம்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். சிரிப்போடு அழுகையும் வந்தது, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதார். பிறகு அரை டம்ளர் ரசம் குடித்தார். என் அம்மாவை அன்று எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தை. அதனால்தான் இந்தப் படம் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

ஆராய்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் பொனானோ, கெல்ட்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள், கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதமானவர்களைப் பேச வைத்துப் பார்த்தார்கள். போனவரைப் பற்றிப் பேசும்போது உள்ளிருந்து சிரித்தவர்களிடம் மன உளைச்சல் குறைவாக இருந்தது. உள்ளிருந்து வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசைகளும் சுருங்கும், அதை வைத்துத்தான் பிரித்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவள் கண்ணைப் பாருங்கள்.

"சின்ன வயசுச் சாவு என்றால் இப்படிப் பேசுவாயா?" என்று கேட்கிறார்கள். சரி, நியாயமான கேள்வி. இழந்தவருக்கு எப்போது சிரிக்க முடிகிறதோ அப்போதுதான் சிரிக்க வைக்க வேண்டும். முகம் பார்த்துப் பேசத் தெரியாதவர்கள் வாய் திறக்க வேண்டாம். அவளை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரியும், எதற்குச் சிரிப்பாள் என்றும் தெரியும்.

ஆனால் "பொம்பளைப் பிள்ளை இப்படியா சிரிப்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். அதே கருமாதியில் பந்தலுக்குப் பின்னால் சீட்டாடினார்கள். குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டுச் சிரித்தார்கள். எடுப்பு அன்று தப்புக்கு முன்னால் சட்டையைக் கழற்றி ஆடினார்கள். ஒரு படம் வந்ததா? ஆண்கள் செய்தால் துக்கத்தை மறக்கிறார்கள், மகள் சிரித்தால் பாசம் இல்லையா? அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ராத்திரி கண்விழித்தது அவள். மலஜலம் எடுத்துப் போட்டது அவள். அப்போது எட்டிப் பார்க்காதவர்களுக்கு அவள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிகிறது.

எழவு வீட்டில் போனைத் தூக்கிப் படம் எடுத்தது தப்பு என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எடுத்தவர் இதைப் படிப்பார். தயவுசெய்து நீக்குங்கள், அவளிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அவள் இப்போது யார் வந்தாலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னிடம்கூட.

நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவரிடம் கொலுசு வாங்கியவர்கள், திட்டு வாங்கியவர்கள், அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரைப் பற்றி உங்களுக்குச் சிரிப்பு வரும் கதை ஒன்று இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.