மீதி இரண்டரைக் கிலோ

(பைக்கின் சீட் கழற்றிக் கீழே கிடக்கிறது. மாமா புதுப் பேட்டரியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார்.)

மாமா: உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், மாப்பிள்ளை. இது காலி டப்பா.

மாப்பிள்ளை: லித்தியம் அப்படித்தான் இருக்கும் மாமா. பழையது மூன்றரைக் கிலோ. இது ஒரு கிலோதான்.

மாமா: மீதி இரண்டரைக் கிலோ எங்கே?

மாப்பிள்ளை: அதெல்லாம் ஈயம், ஆசிட். இதில் இரண்டும் கிடையாது.

மாமா: டிஸ்டில்டு வாட்டர்?

மாப்பிள்ளை: அதுவும் ஊற்ற வேண்டாம்.

மாமா: ஈயம் இல்லை, ஆசிட் இல்லை, தண்ணீர் இல்லை. அதைத்தானே நானும் சொன்னேன்? காலி டப்பா!

மாப்பிள்ளை: மீட்டரை வைத்துப் பாருங்கள். 13.3 வோல்ட்.

மாமா: ஐயையோ! பழையது முழுசாக ஏறினாலே 12.7 தானே?

மாப்பிள்ளை: அதில் ஆறு செல், இதில் நாலு. கணக்கே வேறு. வண்டியும் 14.2-க்கு மேல் சார்ஜ் ஏற்றவில்லை, முறுக்கிப் பார்த்துவிட்டேன். 15-ஐத் தாண்டியிருந்தால் முதலில் ரெகுலேட்டரைத்தான் மாற்றியிருப்பேன்.

மாமா: சம்பந்தி வீட்டைக்கூட இப்படி விசாரிக்க மாட்டார்கள். சரி, இதென்ன, '12 ஆம்பியர்-ஹவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் பொடியாக 'சமம்' என்கிறது?

மாப்பிள்ளை: வண்டியைக் கிளப்புகிற பலத்தில் 12-க்குச் சமம். உள்ளே நிஜமாக இருப்பது 4. அதாவது, 4 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

மாமா: நூறு மீட்டர் ஓடுவான், மூட்டை சுமக்க மாட்டான்.

மாப்பிள்ளை: அதேதான். அந்த ஸ்பேனரை ஃபிரேமில் இடிக்காதீர்கள்! பிளஸ்ஸை முதலில் முடுக்குங்கள், மைனஸ் கடைசியில். டப்பா சின்னது, ஆடும். சுற்றி ஃபோம் வையுங்கள்.

(மறுநாள் விடியற்காலை. நல்ல பனி. பட்டனை அழுத்தினால் 'க்ர்... க்ர்...' என்று முனகுகிறது.)

மாமா: (மலர்ந்த முகத்தோடு) செத்துப்போச்சா?

மாப்பிள்ளை: குளிரில் விறைத்திருக்கிறது. ஹெட்லைட்டைப் போடுங்கள்.

மாமா: என்னது? எழுந்திருக்கவே தெம்பில்லாதவன் தலையில் சுமையை ஏற்றுவதா? பழைய பேட்டரி சோர்ந்தால் ஹாரன்கூட அடிக்க விடமாட்டேனே!

மாப்பிள்ளை: இதற்கு அதுதான் வைத்தியம். கரண்ட் ஓடினால் உள்ளே சூடேறும். இரண்டு நிமிஷம் போதும்.

(இரண்டு நிமிஷம். பட்டன். 'டுர்ர்ர்!' மாமா வாயைத் திறந்தவர் மூடவில்லை. உடனே சாவியையும் மீட்டரையும் வாங்கிக்கொண்டு, நண்பருக்குக் காட்டக் கிளம்பிவிடுகிறார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போன் வருகிறது.)

மாமா: மாப்பிள்ளை, இந்த வைத்தியத்தில் ஏதோ கோளாறு. மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

மாப்பிள்ளை: எவ்வளவு நேரம் லைட் எரிந்தது?

மாமா: அவன் லேசில் நம்புகிற ஆளா? ஒரு மணி நேரம் விளக்கினேன்.

மாப்பிள்ளை: இன்ஜினை அணைத்துவிட்டா? 55 வாட் பல்பு மாமா! 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உள்ளே இருப்பதே 4 என்று நேற்றுத்தானே சொன்னேன்?

மாமா: 12 என்று எழுதியிருந்ததே.

மாப்பிள்ளை: சமம் மாமா, சமம்! அடிமட்டம் வரை வற்றிவிடக் கூடாது என்று உள்ளிருக்கும் சர்க்யூட் கடையைச் சாத்திவிட்டது. பதறாதீர்கள், சார்ஜ் போட்டால் எழுந்துவிடும்.

மாமா: அப்படியானால் கவலையில்லை. இவனிடம் பழைய சார்ஜர் இருக்கிறது. தகட்டில் படிந்த உப்பையெல்லாம் கரைக்குமாம்.

மாப்பிள்ளை: தொடாதீர்கள்! அது ஆசிட் பேட்டரிக்கு. வோல்ட்டேஜைத் தாறுமாறாக ஏற்றும். லித்தியம் சார்ஜர் இங்கேதான் இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

(அரை மணி நேரம். வியர்வை சொட்டச் சொட்ட மாமா ஸ்டாண்டைப் போடுகிறார்.)

மாமா: ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மாப்பிள்ளை. தள்ளும்போது அந்த இரண்டரைக் கிலோ குறைந்தது நன்றாகவே தெரிகிறது.