ஸ்டாக்கே வேண்டாம் என்றால் எப்படி?

கையிருப்பு என்றாலே முடங்கிய பணம், டொயோட்டா மாதிரி ஸ்டாக் இல்லாமல் தொழிற்சாலையை ஓட்டுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. 1997 பிப்ரவரியில், டொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்து தரும் ஐசின் கம்பெனியின் ஆலையில் தீப்பிடித்து, பிரேக்குக்கான சின்ன வால்வு ஒன்று வராமல் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் சில நாட்கள் நின்றே போயின. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே கார்களுக்கான எலக்ட்ரானிக் சிப்புகளைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கச் சொல்லி சப்ளையர்களிடம் கேட்டார்கள். 2021 தொடக்கத்தில் மற்ற கம்பெனிகள் சிப்புக்கு அல்லாடியபோது அது கைகொடுத்தது.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். காப்பர் வயரைத் தினமும் எடை போடுவோம், விலை அப்படி. ஆனால் ஒருமுறை லைன் நின்றது மெக்கானிக்கல் சீல் (பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சின்னப் பாகம்) இல்லாமல்! கம்ப்யூட்டரில் 400, ரேக்கில் 40கூட இல்லை. சர்வீஸுக்கு எடுத்துப் போனவர்கள் சீட்டு போடவில்லை. எம்.ஆர்.பி. சாஃப்ட்வேர் (பாக்கெட்டில் அச்சடிக்கும் விலை இல்லை, பொருள் தேவையைக் கணக்கிடுவது) பாவம், 'இருக்கிறதே, வாங்காதே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் இந்த மாதிரி சில்லறைப் பொருட்களுக்கு இரண்டு பெட்டி வைத்தோம். ஒன்று காலியானால் உடனே ஆர்டர்; சரக்கு வரும்வரை மற்றது ஓடும்.